அரசர்கள் வராத வரலாற்று நாவல்கள்

வரலாற்று நாவல் என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் எழுவது என்ன? குதிரை, வாள், கோட்டைச் சுவர், நிலவொளியில் ஓர் ஓடம், அதில் ஓர் இளவரசி. என் நிலையும் அதுதான். ஆறாம் ஆண்டு படிக்கும்போது என் கைக்குக் கிடைத்த முதல் பெரிய கதை சாண்டில்யனின் ‘கடல் புறா’. என் தாத்தா குமுதம் இதழில் வந்த தொடரைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். நடுவில் சில வாரங்கள் இல்லை. ஆகவே கருணாகரன் ஒரு பக்கத்தில் ஆபத்தில் இருப்பான், அடுத்த பக்கத்தில் கப்பலில் நின்றுகொண்டிருப்பான். எப்படித் தப்பினான் என்பதை நானே கற்பனை செய்துகொள்வேன். அந்தக் கதையில் நம் கடாரம் வருகிறது, ஸ்ரீவிஜயம் வருகிறது. பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் படித்த சிறுமிக்கு, நம் நாட்டுக்குள்ளேயே இவ்வளவு நடந்திருக்கிறதா என்ற பெருமை.

பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலையில்தான். தமிழில் கதை படிக்கும் பழக்கம் ஏறக்குறைய விட்டுப்போயிற்று. 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோதுதான் மீண்டும் ஒட்டிக்கொண்டது. விடுதியில் ஐந்து பாகங்களும் கைமாறிக் கைமாறி அட்டை கழன்று போயின. கல்கியும் சாண்டில்யனும் நம்மைத் தமிழ் படிக்க வைத்தவர்கள். அவர்களைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் வரலாறு என்றால் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்டது, அதில் அரசர் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அவர்கள் வழியாகவே நம்மிடம் வந்துவிட்டது. நம் சொந்தத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நடந்தது வரலாறு ஆகாதா? அதை எழுதிய நாவல்கள் இருக்கின்றன. நம்மில் பலர் அவற்றின் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பதே உண்மை. நானும் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் கேட்டேன்.

முதலில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’. 1993இல் வெளிவந்த நாவல். பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலாயாவைப் பிடித்த ஜப்பானியர், பர்மாவிலிருந்த தங்கள் படைக்குத் தரைவழியாகச் சரக்கு அனுப்ப 1942இல் சயாமிலிருந்து ஓர் இரயில் பாதை போடத் தொடங்கினர். காடும் மலையும் ஆறுமாக 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள் என்பதை ஆங்கிலப் படங்கள் உலகத்திற்குச் சொல்லிவிட்டன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். போர் வந்ததும் இரப்பர் விற்க வழியில்லை, தோட்டங்களில் வேலை நின்றது, அரிசி கிடைக்கவில்லை. கூலி உண்டு, சாப்பாடு உண்டு, சில மாதம்தான் என்று சொன்னதை நம்பிப் போனவர்கள் ஒரு பகுதி. தோட்டத்திற்கு இத்தனை ஆள் என்று கிராணியிடம் கணக்குக் கேட்டுப் பிடித்துப் போனது ஒரு பகுதி. இலவசப் படக் காட்சி என்று கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, அப்படியே இரயிலில் ஏற்றியதும் உண்டு. வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி என்று மாண்டவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை.

இது நம் மாநிலத்தையும் தொட்ட கதை. கெமாஸில் பிரிந்து பகாவ் வழியாகக் கிளந்தான் வரை போகும் கிழக்குக்கரை இரயில் பாதையை நாம் அறிவோம். அந்தப் பாதையின் நீண்ட பகுதியில் தண்டவாளங்களைப் பெயர்த்துத்தான் ஜப்பானியர் சயாமுக்குக் கொண்டு போனார்கள். ஆளும் போனான், தண்டவாளமும் போனது.

இந்த நாவலை நான் சென்ற ஆண்டு விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். நாங்கள் இப்போது தோட்டத்தில் இல்லை. பகாவில் ஒரு தாமானில் இருக்கிறோம். தோட்டத்தில் செம்பனை நிற்கிறது. பாட்டிக்கு எண்பது வயது நெருங்குகிறது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், இப்போது கண் தெரியவில்லை. பொழுது போகட்டுமே என்று உரக்க வாசித்தேன். தோட்டத்து ஆள்களைச் சரக்கு இரயிலில் ஏற்றிக்கொண்டு போகும் பகுதி வந்தபோது பாட்டி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“மூணு மாசம்னுதான் சொன்னாங்களாம் பாப்பா. எங்க பெரியண்ணனுக்கும் மூணு மாசம்னுதான் சொன்னாங்களாம்.”

பாட்டிக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். என் அப்பாவுக்கும் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது. போகும்போது அவருக்குப் பதினேழு வயது. பாட்டி பிறந்தது போர் முடிந்த மறு ஆண்டு. ஆகவே அண்ணனைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் அம்மா செய்ததுதான். தீபாவளிக்கு முதல் நாள் படையலில் இறந்தவர்களுக்குத் துணி வைப்பது நம் வழக்கம். பாட்டியின் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் மகனுக்கென்று ஒரு வேட்டி வாங்குவாராம். ஆனால் படையலில் வைக்க மாட்டார். தனியாகப் பெட்டியில் வைத்துவிடுவார். யாராவது படையலில் வைக்கச் சொன்னால் சண்டைக்கு வருவாராம். செத்த தேதி தெரியாதவனுக்கு எப்படித் திதி கொடுப்பது, படையல் போட்டால் செத்துவிட்டான் என்று நானே சொன்னதாகாதா என்பாராம். 1981இல் அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கொஞ்சம் வேட்டிகளை அவரே யார் யாருக்கோ கொடுத்திருக்கிறார். மீதி மடிப்புக் கலையாமல் இருந்தனவாம். அந்த ஆண்டுதான் முதன்முதலாகப் பெரியண்ணனுக்கும் இலை போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் பாட்டி இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ கேக்கலையே” என்றார்.

நாவலுக்கு வருவோம். ‘சயாம் மரண ரயில்’ சீராகச் செதுக்கப்பட்ட நாவல் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கதை நின்றுபோய்ச் செய்தி மேலோங்குகிறது. ஆனால் முகாமின் மழை, சேறு, நோயாளிகள் கிடந்த கொட்டகை ஆகியவற்றைச் சொல்லும் பக்கங்கள் மனத்தை விட்டு அகல்வதில்லை. ஆங்கிலப் புத்தகங்களில் பெரும்பாலும் கூட்டமாக மட்டுமே வரும் நம்மவர்களுக்கு இங்கே பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கோபமும் கேலியும் இருக்கின்றன.

இதே நிகழ்வை எழுதிய இன்னொருவர் அ. ரெங்கசாமி. 1930இல் பிறந்தவர், ஆசிரியராகப் பணியாற்றியவர். ஜப்பானியர் வந்தபோது அவர் விவரம் தெரிந்த சிறுவன். வல்லினம் இலக்கியக் குழு 2014இல் தன் முதல் விருதை இவருக்கே வழங்கியது. ஆயினும் சாண்டில்யனைத் தெரிந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது இவரைத் தெரியுமா என்பது ஐயமே. ‘புதியதோர் உலகம்’ ஜப்பானியர் காலத் தோட்ட வாழ்க்கையைச் சொல்வது. ‘நினைவுச் சின்னம்’ சயாம் மரண இரயிலைப் பற்றியது. ‘இமயத் தியாகம்’ நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றியது. ‘லங்காட் நதிக்கரை’ ஜப்பானியர் சரணடைந்த பிறகு சிலாங்கூரின் லங்காட் ஆற்றோரத்து மக்கள் பட்ட பாட்டைச் சொல்வது. இந்த வரிசையில் ஒரு பத்தாண்டு கால மலாயாத் தமிழர் வரலாறே அடங்கிவிடுகிறது எனலாம்.

‘நினைவுச் சின்னம்’ என்ற தலைப்பை எண்ணிப் பார்க்கிறேன். 1942 ஜனவரி 14ஆம் நாள் கெமென்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரைப் பதுங்கியிருந்து தாக்கினர். அதற்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் முன் நின்று நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் உண்டு. அந்த வீரர்களுக்குச் செய்தது மிகச் சரி. பாட்டியின் அம்மாவுக்கு ஒரு தேதி கிடைத்திருந்தால் போதும்.

ரெங்கசாமியை வாசிப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவர் நடை எளிய நடை. உவமைகளுக்காக நிற்க மாட்டார். வகுப்பில் பாடம் சொல்வதுபோல விளக்கிக்கொண்டு போவதும் உண்டு. எனக்கு முதல் ஐம்பது பக்கம் சலிப்பாகத்தான் இருந்தது. பிறகு அந்த நிதானமே பிடித்துவிட்டது. நாவல்களில் தொடங்க விரும்புவோருக்கு ‘லங்காட் நதிக்கரை’யை முதலில் பரிந்துரைப்பேன். போர் முடிந்தால் துன்பம் முடியும் என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானியர் போனதும் பிந்தாங் தீகா என்று மக்கள் அழைத்த கம்யூனிஸ்டுப் போராளிகள் வருகிறார்கள், பிறகு மீண்டும் வெள்ளைக்காரன் வருகிறான். நடுவில் மாட்டிக்கொண்டவன் யாரிடம் பணிவது என்று தெரியாமல் தவிக்கிறான். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும் கதை.

இனி, நடை வளத்திற்காகவே படிக்க வேண்டிய ஒன்று: ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் வேலைக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர். போரை நேரில் கண்டவர். 1946இல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றினார். எழுதியவை இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. ‘புயலிலே ஒரு தோணி’யை 1962இல் எழுதி முடித்தார். நூலாக வந்தது 1972இல்தான். 1997இல் காலமானார். அதன் பிறகே இலக்கிய உலகம் அவரைப் பெரிதாகக் கொண்டாடியது.

மேடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதை மக்கள் தெருவோரம் நின்று பார்ப்பதில் கதை விரிகிறது. பாண்டியன் என்ற இளைஞன் சரக்கேற்றிய தொங்கானில் பினாங்குக்குப் புறப்படுகிறான். நடுக்கடலில் புயல். அந்தப் பக்கங்களை நான் உரக்கப் படித்தேன், மூச்சு வாங்கியது. தொங்கான் என்பது தொங்காங்தான் என்று நமக்கு யாரும் அடிக்குறிப்புப் போட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வாசகர் தடுமாறும் சொற்களில் நாம் வீட்டுக்குள் நடப்பதுபோல நடக்கலாம். இந்த ஒன்றிலாவது நாம் முந்திக்கொள்கிறோம்!

பாண்டியனும் நண்பர்களும் பினாங்கில் குடித்துக்கொண்டு தமிழரின் பழம்பெருமையைக் கிண்டலடிக்கும் பகுதி ஒன்று உண்டு. தமிழ் மன்றத்தில் மேடையேறிப் பழம்பெருமை பேசும் நம்மைப் போன்றோர் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வட்டிக்கடை மேலாள், அடுத்தாள் என்று நகரத்துத் தமிழரின் உலகம் இதில் முழுமையாக இருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு இடம் குறைவு. அந்தக் குறையை முன் சொன்ன நாவல்களோடு சேர்த்துப் படித்து நிரப்பிக்கொள்ளலாம். ‘கடலுக்கு அப்பால்’ இதைவிடச் சிறியது, எளியது. முதலாளியின் மகள் மரகதத்தை விரும்பும் செல்லையாவின் கதை. காதல் கதை வேண்டுவோர் அதிலிருந்து தொடங்குங்கள்.

அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யையும் சொல்லாமல் விடக்கூடாது. கடாரம் கொண்ட இராஜேந்திரனை ‘வேங்கையின் மைந்தன்’ நாவலாக எழுதி 1963இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற அதே அகிலன், நம் நாட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, பால்மரம் வெட்டுகிறவர்களையும் எழுதினார். முன்னதைப் படித்தவர் ஆயிரம், பின்னதைப் படித்தவர் எத்தனை பேர்? கோ. புண்ணியவானின் ‘கையறு’ அண்மைக் காலத்து நாவல், அதுவும் சயாம் இரயிலைப் பற்றியதே. அவர் போருக்குப் பின் பிறந்தவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரலாற்று நாவலைப் படிக்கும்போது, எழுதியவர் அந்த நிகழ்விலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று பார்ப்பது பயனுள்ள பயிற்சி. சிங்காரம் இளைஞராக அதற்குள்ளேயே இருந்தார். ரெங்கசாமி சிறுவனாகப் பார்த்தார். புண்ணியவான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டார். கல்கிக்கும் வந்தியத்தேவனுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டு. அவர் கல்வெட்டைத்தான் கேட்க முடியும். நம் நாவல்களில் வருவது சரியா என்று கேட்க, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இன்னும் இருக்கக்கூடும்.

இந்நூல்கள் எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மை. நம் எழுத்தாளர்கள் பலர் சொந்தப் பணத்தில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்று, மீதியை வீட்டில் அடுக்கி வைத்திருப்பவர்கள். பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ் அடுக்கில் முதலில் தேடுங்கள். நான் எடுத்த பிரதியில் கடைசியாகக் குத்திய தேதி முத்திரை நான் பிறப்பதற்கு முந்தியது. சிங்காரத்தின் நாவல்கள் தமிழ்நாட்டில் மறுபதிப்புக் கண்டு விற்பனையில் கிடைக்கின்றன. படிக்கும்போது பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். கெமாஸ், பாடாங் பெசார், பான்பொங், காஞ்சனாபுரி என்று விரலால் தொட்டுக்கொண்டு போனால் கதை வேறு மாதிரி தெரியும். முடிந்தால் தனியாகப் படிக்காமல் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள்.

பாட்டிக்கு நாவலின் கடைசிப் பகுதியை வாசித்து முடிக்க நான்கு மாலைகள் ஆயின. நடுவில் இரண்டு நாள் வேண்டாம் என்றுவிட்டார். முடித்த அன்று சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “போனவங்க பேரெல்லாம் பின்னாடி போட்டிருக்கா?” என்று கேட்டார். இது கதைதான் பாட்டி, பெயரெல்லாம் இருக்காது என்றேன். “சரி, நீ ஒரு பென்சில் எடு” என்றார். நூலகத்துப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்பதால் என் குறிப்பேட்டில் எழுதினேன். பெரியண்ணன் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், லயத்தின் எண். பக்கத்து லயத்திலிருந்து போன மேலும் இருவர் பெயரும் பாட்டிக்கு நினைவிருந்தது.