கோட்டுக்கு வெளியே பார்

அன்புள்ள தங்கைக்கு,

அபுதாபியின் முசஃபாவில் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனமொன்றில் சேர்ந்திருக்கிறாய். இனி குவாரிகளுக்கும் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கும் தாக்க அறிக்கை எழுதப்போகிறாய். கையில் முதலில் வரைபடம்தான் வரும். காப்பிடத்தைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். தோண்டும் இடம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால் 'பாதிப்பில்லை' என்று எழுதத் தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். நிலத்துக்குக் கோடு போடலாம். நீருக்கும் தூசிக்கும் பறவைக்கும் போட முடியாது.

மதுரை மாவட்டத்தில் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியைப் பார். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. ஈராண்டு கழித்து, அதையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. எதிர்ப்பு வலுத்ததும், தலத்தை மட்டும் விலக்கி எல்லையைத் திருத்தலாமா என்று மத்திய அரசு ஆராயச் சொன்னது. பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியைத் தோண்டுவது காகிதத்தில் நல்ல சமரசம். ஊர்மக்கள் ஏற்கவில்லை. குன்றில் பெய்யும் மழைதான் சுனையாகி, கண்மாய்க்கும் வயலுக்கும் இறங்குகிறது; பாறையில் குஞ்சு பொரிக்கும் வல்லூறு இரை தேடுவது சமவெளியில். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. கோடும் நிலையானதல்ல: காப்புக்காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021இல் வந்த தமிழக விதியிலிருந்து மறு ஆண்டே காப்புக்காடுகள் நீக்கப்பட்டன.

உன் அலுவலகத்துக்குத் தென்கிழக்கே உள்ள வத்பாவும் இதையே சொல்கிறது. அங்குள்ள ஈரநிலம் வெளியிலிருந்து வந்த சுத்திகரித்த கழிவுநீரால் உருவானது. 1998இல் பூநாரைகள் குஞ்சு பொரித்தபின் காப்பிடமானது. வெளிநீர் வளர்த்த இடத்தை வெளியே நடப்பது அழிக்கவும் கூடும். தோண்டிய குழியை நிரப்பிச் சீரமைத்துவிடலாம் என்பவர்களுக்கு வத்பாவின் கல்மணல் மேடுகளைக் காட்டு. நிலத்தடி ஈரம் மணலிலுள்ள கால்சியம் கார்பனேட்டை இறுக்க, காற்று செதுக்கிய உருவங்கள் அவை. எந்த ஒப்பந்தக்காரராலும் திரும்பச் செய்ய முடியாது.

கல்லில்லாமல் வீடு ஏது என்பார்கள். நியாயமான கேள்வி. பாலைமணல் காற்றில் உருண்டு வழவழப்பானது, கான்கிரீட்டுக்கு உதவாது. ஃபுஜைரா, ராஸ் அல் கைமா மலைகளை உடைத்தே அமீரகத்தின் கட்டடங்களுக்கு ஜல்லி வருகிறது. ஆகவே எல்லாக் குவாரியையும் மூடச் சொல்லவில்லை. ஏற்கெனவே திறந்த குவாரியை முழுதாகப் பயன்படுத்தலாம், இடித்த கட்டடத்தின் ஜல்லியைச் சாலைக்கு அடியில் போடலாம். இவற்றை எண்ணிப் பார்த்த பிறகே புதிய மலையைத் தொடலாமா என்ற கேள்வி எழ வேண்டும்.

என் விசா நிறுவனத்தின் கையில் இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும் என்பாய். முடிவு உன்னுடையதல்ல, உண்மைதான். ஆனால் முடிவெடுப்பவர் பார்ப்பது நீ அளந்ததை மட்டுமே. ஒரு பருவத்தோடு நிறுத்தாமல் நீரை அளந்து எழுது. காற்று வீசும் திசையில் தூசியை அளந்து எழுது. மாற்றுவழிகள் பகுதியில் 'இத்திட்டமே வேண்டாம்' என்ற வழிக்கும் மற்றவற்றுக்கு இணையாகக் கணக்குப் போடு. அந்தப் பத்தியைச் சடங்குக்கு எழுதிவிட்டால், பிறகு வரும் சமரசத்தில் ஒரு தரப்பு மேசைக்கே வந்திருக்காது.

அன்புடன்,
உன் அண்ணன்