முதுகு வலிக்கு மூச்சுப் பாடம்



ஊத்துக்குளியில் வெண்ணெய் டின்னும் பருப்பு மூட்டையும் தூக்கிய முதுகு என்னுடையது. சென்ற ஆண்டு டிஸ்க் ஆபரேஷன் ஆயிற்று. தையல் ஆறியும் வலி விடவில்லை.

டாக்டர் அனுமதியுடன் செல்போன் வழியாகவே தியானப் பயிற்சி எடுத்தேன். மல்லாந்து படுத்து, கால்விரல் முதல் உச்சி வரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்க வேண்டும். வலிக்கும் இடத்தில் அது எரிச்சலா, இழுப்பா, குத்தலா என்று பார்த்து, மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் 1979இல் ஜான் கபாட்-ஜின் பாடமாக அமைத்த முறை இது. அவரும் வீட்டுப் பயிற்சிக்கு ஒலிநாடா கொடுத்தனுப்பினார்.

வலி போய்விடவில்லை, பயம் குறைந்தது, தூக்கம் வந்தது. அந்தத் தைரியத்தில் 25 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பத்து நாள் படுத்தேன்! கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ தியானம் கிடக்கட்டும், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.