நூலகத்திற்கு வராதவர்களும் அதன் வாசகர்களே

(கிராமக் குழுக்களுக்கான பாடம்)

பாடத்தின் நோக்கம்: பொது நூலகம் யாருக்குரியது என்பதை விளங்கிக்கொள்ளுதல், எமது கிராமத்தில் அதன் பயனைப் பெறாதிருப்பவர்களை அடையாளம் காணுதல், பெரும் பணச் செலவின்றி நாமே தொடங்கக்கூடிய வேலைகளைத் தீர்மானித்தல்.

1. ஒரு மாலைநேரக் காட்சி

மாலை நான்கு மணி. பிரதேச சபை நூலகம் ஒன்றினுள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகை மேசையைச் சுற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். மூலையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். இரவல் பகுதியில் ஆசிரியை ஒருவர் நாவல் தேடுகிறார். மனதுக்கு நிறைவான காட்சிதான்.

ஆனால் அந்த மண்டபத்தில் இல்லாதவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. போரில் காலை இழந்த இளைஞர் அங்கே இல்லை. வாசலில் நான்கு படிகள் இருக்கின்றன. ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்று இருட்டிய பின் வீடு திரும்பும் தாய் இல்லை. அவர் வரும்போது நூலகம் பூட்டப்பட்டிருக்கும். இடப்பெயர்வினால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் இல்லை. அவருக்கு உள்ளே நுழையவே கூச்சம். இவர்களை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயினும் அவர்கள் வரவில்லை.

நூலகத்தின் சேவையை அளவிட வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறோம். அப்பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களைப் பற்றியதே இப்பாடம்.

2. எமது நூலகங்கள் வளர்ந்த வழி

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு ஒரு வீட்டில் தொடங்கியது. 1933ஆம் ஆண்டு கே. எம். செல்லப்பா என்பவர் தமது வீட்டில் இருந்த நூல்களைப் பிறருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊரவர் சிலர் அவருடன் சேர்ந்து குழு அமைத்து, வாடகை அறை ஒன்றிற்கு நூலகத்தை மாற்றினார்கள். பின்னர் நகர நிர்வாகம் அதைப் பொறுப்பேற்றது. புதிய கட்டடம் அமைக்கும் முயற்சியில் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார். தமிழகத்திலிருந்து நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959 ஒக்டோபரில் அக்கட்டடம் திறந்துவைக்கப்பட்டது.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயல்களில் அந்நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. நீண்ட காலத்தின் பின் புனரமைக்கப்பட்டு, 2004இல் அது மீண்டும் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது. இவ்வரலாற்றை நம்மில் பலர் அறிவோம்.

வன்னியில் இழந்தவையோ பெரும்பாலும் எழுதப்படாதவை. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழ் குடியேற்றத் திட்டங்கள் உருவானபோது, காடு வெட்டிக் கழனியாக்கிய மக்கள் கோயிலையும் பாடசாலையையும் போலவே சனசமூக நிலையத்தையும் வாசிகசாலையையும் அமைத்துக்கொண்டார்கள். ஓலைக் கொட்டில், இரண்டு வாங்கு, ஒரு மேசை, அன்றைய பத்திரிகை. எழுத்தறிந்த ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட இடங்கள் அவை. 1990களின் இடப்பெயர்வுகளிலும், 2008, 2009ஆம் ஆண்டுகளின் இறுதிப் போரிலும் அவற்றிற் பல அழிந்தன. ஊரை விட்டு ஓடியவர்கள் அரிசியையும் பிள்ளைகளையும் சுமந்தார்கள். அலுமாரியைச் சுமக்க முடியவில்லை.

மீள்குடியேற்றத்தின் பின் கட்டடங்கள் மீண்டும் எழுந்துள்ளன. கரைச்சி, கரைத்துறைப்பற்று, வவுனியா வடக்கு முதலிய உள்ளூராட்சி எல்லைகளுக்குள் பொது நூலகச் சேவை அந்தந்தச் சபையின் பொறுப்பாகும். ஆகவே அது எவருடைய தருமமும் அன்று. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் சேவை.

3. ஐந்து விதிகளும் ஒரு மாட்டு வண்டியும்

இரங்கநாதன் 1931ஆம் ஆண்டு நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு நூலும் அதற்குரிய வாசகரை அடையவேண்டும். வாசகரின் நேரம் வீணாகக்கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி. இவையே அவ்விதிகளின் சாரம்.

முதலாவது விதியை மட்டும் எமது ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். நன்கொடையாக வந்த நல்ல நூல்கள் பழுதாகிவிடும் என்ற பயத்தில் அவற்றைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இரவல் கொடுத்தால் நான்கு நூல்கள் கிழியலாம். பூட்டி வைத்தால் அத்தனையையும் கறையான் தின்னலாம். வாசித்துக் கிழிந்த நூல் தன் கடமையைச் செய்த நூல்.

அதே 1931இல் தமிழகத்தின் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப்பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அதைத் தொடக்கி வைத்தவரும் இரங்கநாதனே. வாசகர் நூலகத்திற்கு வரமுடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போகவேண்டும் என்ற எண்ணம் மேல்நாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியானதன்று. எமது மண்ணையொத்த ஒரு மண்ணில், மாட்டு வண்டியில் ஓடிய எண்ணம் அது.

4. உலகம் ஏற்றுக்கொண்ட நெறி

பொது நூலகங்கள் பற்றி யுனெஸ்கோ நிறுவனம் 1949இல் ஒரு பிரகடனத்தை வெளியிட்டது. அது 1972, 1994, 2022ஆம் ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்டது. வயது, இனம், பால், மதம், மொழி, சமூக நிலை என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் சமமான சேவை கிடைக்கவேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் அடிப்படை. அத்துடன் அது நிற்கவில்லை. வழமையான சேவையைப் பெறமுடியாத மொழிச் சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், வைத்தியசாலையிலும் சிறையிலும் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சிறப்பான ஏற்பாடுகள் செய்யப்படவேண்டும் என்றும் கூறுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கதவை எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்து வைப்பது சமத்துவம் என்று நினைக்கிறோம். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் படிக்கட்டின் மேலுள்ள திறந்த கதவும் பூட்டிய கதவும் ஒன்றே.

எம்மவர் பலர் இன்று கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்கிறார்கள். அந்நகரின் பொது நூலகத்தில் தமிழ் நூல்களும் இரவலுக்கு உண்டு. அங்கே தமிழர் ஒரு சிறுபான்மையினர். ஆயினும் அவர்களின் மொழிக்கு அலுமாரியில் இடம் இருக்கிறது. அதைக் கேட்டு மகிழும் நாம், எமது நூலகத்தில் எம்மிலும் சிறு தொகையினராக வாழ்பவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்றும் கேட்கவேண்டும்.

5. வன்னியில் வராதவர்கள் யார்?

(அ) மாற்றுத்திறனாளிகள். போரில் கை, கால், பார்வை இழந்தவர்கள் இல்லாத கிராமம் வன்னியில் அரிது. வாசலில் ஒரு சாய்வுப் பாதை அமைக்கச் சில சீமெந்துப் பைகள் போதும். பார்வையற்றவருக்குப் பிரெயில் நூல் கிடைக்காவிட்டாலும் வாசித்துக் காட்ட ஒருவர் கிடைக்கலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்குவதை எளிதாக்கும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாகியது. 2016இல் இலங்கையும் அதில் இணைந்தது.

(ஆ) குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். கணவனை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடுகிறவர்களும் இவர்களில் அடங்குவர். நூலகம் திறந்திருக்கும் நேரம் இவர்கள் வயலில், தொழிற்சாலையில் அல்லது அலுவலக வாசலில் நிற்கும் நேரம்.

(இ) படிப்பு முறிந்தவர்கள். பங்கருக்குள்ளும் முகாம்களிலும் பள்ளிப் பருவத்தைக் கழித்தவர்கள் இன்று பிள்ளைகளின் பெற்றோர். பிள்ளையின் கொப்பியைப் பார்க்க முடியவில்லையே என்ற வேதனை அவர்களுக்கு உண்டு. தடித்த எழுத்தில் அமைந்த எளிய நூல்களைச் 'சிறுவர் பகுதி' என்ற பலகையின் கீழ் மட்டும் வைத்தால் அவர்கள் அவற்றைத் தொடமாட்டார்கள்.

(ஈ) மலையக வழிவந்த குடும்பங்கள். 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த பலர் இங்கே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இவர்களுள் பல. அங்கத்துவம் பெற வரி செலுத்தும் ஒருவரின் பிணைக் கையொப்பத்தைக் கேட்கும் விதி இருந்தால், அது இவர்களையே முதலில் தடுக்கும்.

(உ) பிற சமூகத்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் ஒரு பகுதியினர் 2009இன் பின் முல்லைத்தீவு மாவட்டத்திற்குத் திரும்பியுள்ளனர். வவுனியா மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அயலவராக வாழ்கிறார்கள். இஸ்லாமியத் தமிழ் எழுத்தாளரின் நூல்களும், சிங்களச் சிறுவர் கதைகளும், இருமொழி அகராதியும் எமது அலுமாரியில் இருக்கின்றனவா? எமது நூலகம் சிங்கள மொழியால் எரிக்கப்படவில்லை; வெறுப்பினால் எரிக்கப்பட்டது. அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் கற்கக்கூடிய இடமும் நூலகமே.

6. புத்தகத்திற்கு அப்பால்

இன்றைய நூலகம் புத்தகம் கொடுக்கும் இடம் மட்டுமன்று. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் இணையத்தில் இலவசமாக வாசிக்க வழி செய்துள்ளது. அழிந்துபோயிற்று என்று நாம் நினைத்த பழைய பாடசாலை மலர் ஒன்று அங்கே கிடைக்கலாம். ஆனால் கணினியும் இணைய இணைப்பும் இல்லாதவருக்கு அதுவும் பூட்டிய அலுமாரியே. அதைத் திறந்து காட்டுவது நூலகரின் புதிய கடமை.

அரச படிவங்களை விளங்கி நிரப்புவதற்கும் மக்களுக்குத் துணை வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அரச நிறுவனம் ஒன்றிடம் தகவல் கோரலாம். தமது காணி பற்றியோ வீட்டுத்திட்டம் பற்றியோ கேட்க விரும்பும் தாய்க்கு அந்த விண்ணப்பத்தை எழுத உதவும் மேசை ஒன்று நூலகத்தில் இருந்தால், அன்றிலிருந்து அது அவருடைய நூலகமும் ஆகும்.

ஊரின் நினைவைக் காப்பதும் நூலகப் பணியே. கோவலன் கூத்துப் பாடும் அண்ணாவியாரும் அருவி வெட்டுப் பாடல் அறிந்த மூதாட்டியும் நூலகத்திற்கு வந்து நூல் எடுப்பவர்கள் அல்லர், அவர்களே நூல்கள். கைபேசியில் அவர்கள் குரலைப் பதிவுசெய்து, பெயரும் திகதியும் எழுதி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

7. நாம் செய்யக்கூடியவை

1. கணக்கெடுப்பு: குழுவினர் இருவர் இருவராகச் சேர்ந்து ஆளுக்குப் பத்து வீடுகளுக்குச் செல்லுங்கள். "ஏன் நூலகத்திற்கு வருவதில்லை?" என்று கேட்டால் குற்றஞ்சாட்டுவது போலிருக்கும். "என்ன அறிய விரும்புகிறீர்கள்? எந்த நேரம் உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள்.

2. நேரம்: கிழமையில் ஒரு நாளாவது இரவு ஏழரை மணிவரை நூலகத்தைத் திறக்க முடியுமா என்று சபையிடம் கேளுங்கள். இரவில் கடலுக்குப் போகும் தொழிலாளருக்குப் பகல் நேரமே ஓய்வு. கரையோரக் கிராமத்தின் நேரமும் வயற் கிராமத்தின் நேரமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

3. புத்தகப் பெட்டி: முப்பது நூல்களை ஒரு தகரப் பெட்டியிலிட்டு முன்பள்ளியில் அல்லது மாதர் சங்கக் கட்டடத்தில் வையுங்கள். மாதத்திற்கு ஒருமுறை அடுத்த கிராமத்தின் பெட்டியோடு மாற்றுங்கள். இரவல் விபரத்தை எழுத ஒரு கொப்பி போதும். பெட்டியைக் கல்லின் மேல் வைத்தால் கறையானையும் ஈரத்தையும் தவிர்க்கலாம்.

4. பிணை: பிணையாளி இல்லாதவருக்குக் கிராம அலுவலர், அதிபர் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் உறுதி வழங்கினால் ஏற்றுக்கொள்ளுமாறு எழுத்தில் வேண்டுகோள் விடுங்கள்.

5. உரத்து வாசித்தல்: பழைய வாசிகசாலை வழக்கத்தை மீட்டெடுங்கள். கிழமைக்கு ஒரு மணி நேரம், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம். எழுத்தறியாதவரும் பார்வையற்றவரும் கூச்சமின்றி வரக்கூடிய நிகழ்ச்சி இதுவே.

6. வாசிப்பு மாதம்: ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதன் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாணவர் போட்டிகளோடு முடிகின்றன. இவ்வருடம் தாய்மாருக்கும் முதியோருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சேர்த்துக்கொள்ளுமாறு வாசகர் வட்டத்தினூடாகக் கேளுங்கள்.

நூலகர்கள் குறைந்த ஆளணியோடும் சிறிய நிதியோடும் பணிபுரிகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. முறைப்பாட்டோடு செல்வதிலும் உதவிக் கரத்தோடு செல்வதே பயன் தரும்.

8. கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது கிராமத்தில் கடந்த ஒரு மாதத்தில் நூலகத்திற்குச் சென்றவர் எத்தனை பேர்? செல்லாதவர்களைத் தடுத்தது எது? தூரமா, நேரமா, படியா, விதியா, கூச்சமா?

2. பழைய வாசிகசாலையில் உரத்து வாசித்தவர் யார் என்பதை நினைவுகூரக்கூடிய முதியோர் இருக்கிறார்களா? அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.

3. எமது நூலகத்தில் எமது சமூகத்தைச் சேராத ஒரு பிள்ளை நுழைந்தால், தன்னைப் பற்றிய ஒரு நூலையேனும் காணுமா?

4. மேலே கூறிய ஆறு வேலைகளில் இம்மாதம் தொடங்கக்கூடியது எது? பொறுப்பேற்பவர் யார்?

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் இதுவரை நூலகத்திற்குப் போகாத ஓர் அயலவருடன் பேசிவிட்டு, அவர் கேட்ட நூலின் அல்லது தகவலின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலையே நூலகரிடம் கையளிப்போம்.