ஆழ்கடலில் ஒலியால் வரையும் படம்

2016 ஜூலை 22-ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடல்மேல் மறைந்தது. சென்னைக் கரைக்கு அப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில் காணப்பட்ட சிதைவுகள் அவ்விமானத்துடன் பொருந்துவதாக 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் அத்தேடலில் கையாண்ட கருவிகளுள் ஒன்று செயற்கைத் துளைச் சோனார். (துளை என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, ஒலிவாங்கியின் நீளம் என்று கொள்க.)

கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். ஆகலின் 100 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.5 செ.மீ. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கருவியின் ஒலிக்கற்றை 100 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டரும், 200 மீட்டரில் 3 மீட்டரும் அகலும். அவ்வகலத்துள் அடங்கியவையெல்லாம் ஒரே திட்டாகத் தோன்றும். பாறையோ இறக்கைத் துண்டோ எனப் பிரித்தறிய இயலாது. கருவியை நீட்டினால் கற்றை குறுகும். ஆயின் இருபது மீட்டர்க் கருவியைச் சிறு கலத்தில் எங்ஙனம் பொருத்துவது?

இங்குக் கணிப்பொறி துணைபுரிகின்றது. கலம் நேர்கோட்டில் நகர்ந்தவாறே ஒலித்துடிப்புகளை விடுக்க, ஒவ்வோர் எதிரொலியும் அதன் வலிமையோடும் அலைநிலையோடும் பதிவாகின்றது. கடற்றரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய எதிரொலிகள் பின்னர்க் காலவேற்றுமை திருத்திக் கூட்டப்படுகின்றன. கலம் கடந்த பாதையே நீண்ட கருவியாகின்றது. தொலைவிலுள்ள பொருள் கற்றையினுள் நெடுநேரம் இருப்பதால் அதற்குரிய பாதையும் நீள்கின்றது. எனவே தொலைவு மிகினும் நுணுக்கம் குன்றாது. ஒலிமுனை 10 செ.மீ. நீளமாயின், கொள்கையளவில் 5 செ.மீ. வரை பிரித்தறியலாம்.

இடர்ப்பாடு ஒன்றுண்டு. கலத்தின் இருப்பு சில மில்லிமீட்டருக்குள் தெரிந்தாலன்றிப் படம் கலங்கிவிடும். நீரோட்டமோ கலத்தை ஓயாது அசைக்கின்றது. ஆதலால் அடுத்தடுத்த துடிப்புகளின் எதிரொலிகளை ஒப்பிட்டு, அவ்வசைவை அளந்து நீக்கிய பின்னரே கூட்டுகின்றனர்.