வங்கியின் வக்கீல் யாருடைய வக்கீல்?

வீட்டுக் கடனுக்கு மனு போட்டதும் வங்கி கேட்பது சொத்தின் பத்திரக் கட்டு. தாய்ப்பத்திரம், இடையில் கைமாறிய கிரயப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது என எல்லாவற்றின் நகலும் வங்கியின் பேனலில் உள்ள ஒரு வக்கீலிடம் போகும். அவர் படித்துப் பார்த்து எழுதித் தரும் லீகல் ஒப்பீனியன் சாதகமாக வந்தால்தான் கடன் தொகை விடுவிக்கப்படும். காரைக்காலில் வீடு வாங்குவோரிடையே இந்த ஒப்பீனியனைப் பற்றி நிலவும் நம்பிக்கைகள் சில, பணத்தையும் நிம்மதியையும் ஒருசேர இழக்க வைக்கக் கூடியவை.

நம்பிக்கை: வங்கியே கடன் கொடுத்துவிட்டது, இனிப் பத்திரத்தில் என்ன குறை இருக்கப் போகிறது?

பேனல் வக்கீலிடம் வங்கி கேட்பது ஒரே கேள்விதான்: இந்தச் சொத்தை அடமானமாக ஏற்றால் வங்கியின் பணம் பத்திரமா? வாங்குபவரின் கேள்வி வேறு: இந்த வீட்டில் தானும் தன் பிள்ளைகளும் வழக்கு வம்பு இல்லாமல் குடியிருக்க முடியுமா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்துவிட்டால் இரண்டாவதற்கும் அதே பதில் என்று ஆகிவிடாது. பொதுப் பாதையில் தகராறு, எல்லையில் இரண்டடி குறைவு, கிணற்றில் பங்காளிக்குப் பாத்தியதை போன்றவை அடமானத்தின் மதிப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை. குடியிருப்பவருக்கோ அவை தினசரித் தலைவலி.

வங்கிக்குப் பிடிமானம் இரண்டு உண்டு. ஒன்று சொத்து, மற்றொன்று கடனாளியின் கையெழுத்து. சொத்து கைவிட்டுப் போனாலும் கையெழுத்து நிற்கும். வேறொருவருடைய வீடு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் மாதத் தவணை கடனாளியின் தலையில்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனாக இருந்தாலும் சொத்து மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி தரலாகாது. மீதியும் பத்திரச் செலவும் வாங்குபவரின் சேமிப்பிலிருந்து போனவை. உரிமை பொய்த்தால் அந்தப் பணமும் போய்விடும்.

நம்பிக்கை: கட்டணத்தைக் கொடுப்பது வீடு வாங்குபவர், எனவே பேனல் வக்கீல் அவருடைய வக்கீல்

இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் அமர்த்தும் வக்கீல், கடன் தரும் நிறுவனத்தின் பேனலிலும் இருந்தால், பெரும்பாலும் இருவருக்காகவும் வேலை செய்கிறார். இருவருக்கும் கடமைப்பட்டவர் அவர். பிரான்சில் கிரயத்தை நடத்துவது நொத்தேர் என்னும் அரசு நியமித்த அலுவலர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்காலுக்கும் பழக்கமானவர் இவர். இந்தியப் பேனல் வக்கீல் இந்த இரு வகையிலும் சேராதவர். அவரை நியமிப்பது வங்கி, அவர் கருத்துரை எழுதுவதும் வங்கிக்கே. வாங்குபவரின் கணக்கிலிருந்து கட்டணம் போவதால் அந்த உறவு மாறுவதில்லை. கட்டணத்தைப் பொறுத்தவரை, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு வங்கி தர வேண்டிய முக்கிய விவரப் படிவத்தில், சட்டக் கட்டணம் போல மூன்றாம் நபருக்காக வசூலிக்கும் தொகையும் ஆண்டுச் செலவு விகிதத்தில் சேர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் காட்டாத கட்டணத்தைக் கடனாளியின் சம்மதமின்றி வாங்கக் கூடாது.

வாங்குபவர் தனக்குத் தெரிந்த வக்கீலின் கருத்துரையைக் கொண்டுபோனால் வங்கி அதைப் பேனல் ஒப்பீனியனுக்குப் பதிலாக ஏற்காது. இதைக் கெடுபிடி என்று குறை சொல்வது சரியல்ல. போலிப் பத்திரங்களால் வங்கிகள் சூடுபட்ட பிறகு வந்த ஏற்பாடு இது. மோசடிக்குத் துணைபோன வக்கீல்கள், மதிப்பீட்டாளர்கள் பெயர்களை வங்கிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் எச்சரிக்கைப் பட்டியலும் உண்டு. ஆகவே பேனல் வக்கீல் வங்கிக்கு, தனி வக்கீல் வாங்குபவருக்கு என்று இருவரும் வேண்டும். தனி வக்கீலின் கருத்து முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கைக்கு வர வேண்டும். பேனல் ஒப்பீனியனோ பெரும்பாலும் முன்பணம் கைமாறிய பிறகுதான் எழுதப்படுகிறது.

நம்பிக்கை: வில்லங்கம் சுத்தம், பத்திரம் பதிவு, பட்டா பெயரில், இதற்கு மேல் என்ன?

வில்லங்கச் சான்றிதழ், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவற்றை மட்டும் காட்டும். பதியாத உயில், வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் சொத்து வழக்கு, இறந்தவரின் வாரிசுகளில் கையெழுத்துப் போடாத மகள் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. பத்திரத்தைப் பதியும் சார்பதிவாளர் விற்பவரின் உரிமையை ஆராய்வதில்லை. அது அவருக்குரிய அதிகாரமே அல்ல என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது உரிமையைத் தராது என்பதும் நீதிமன்றங்கள் பலமுறை உறுதிசெய்த சட்டம். ஆவணமே போலியாகவும் இருக்கலாம். காரைக்கால் கோயில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தைப் போலி ஆவணம் கொண்டு மனைகளாக விற்க முயன்றதாக வழக்குப் பதிவாகி, 2024-ல் அரசு அதிகாரி ஒருவர் உட்படச் சிலர் கைதானார்கள். கோயில் நிலமும் வக்ஃப் நிலமும் ஊர் நடுவே கலந்து கிடக்கும் காரைக்காலில், மனைப் பிரிவு எந்த நிலத்தில் போட்டது என்பதை மூலம்வரை போய்ப் பார்க்காமல் விடக் கூடாது.

நம்பிக்கை: சுற்றிலும் தமிழ்நாடுதானே, நாகப்பட்டினத்து வக்கீல் பார்த்தாலும் ஒன்றுதான்

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை இது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல். இந்தியப் பதிவுச் சட்டம் வந்து சேர்ந்ததோ 1968-ல். அதற்கு முந்தைய கைமாற்றங்கள் பெரும்பாலும் நொத்தேர் முன்னிலையில் நடந்தவை. பிரெஞ்சில் எழுதியவையும் உண்டு. அவற்றை வழக்கமான வில்லங்கத்தோடு நிறுத்தாமல் தனியே தேடிப் படிக்க வேண்டும்.

வாரிசுரிமை இன்னும் நுட்பமானது. பிரெஞ்சு ஆட்சியில் இந்தப் பகுதி இந்துக்களின் வழக்கச் சட்டத்தில் மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. தந்தை உயிரோடிருக்கும் வரை பூர்வீகச் சொத்துக்கும் அவரே முழு உரிமையாளர். தமிழ்நாட்டு நாகூர்ப் பக்கம் பரம்பரைச் சொத்தைத் தந்தை மட்டும் விற்றிருந்தால் மகன்களின் கையெழுத்து எங்கே என்ற கேள்வி எழும். அக்காலக் காரைக்கால் கிரயத்தில் அந்தக் கேள்வி அப்படியே பொருந்தாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபர் 1-ல். அதுவும் எல்லோருக்கும் அல்ல. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களுக்கு அது பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. ரெனோன்சான் எனப்படும் இக்குடும்பங்களில், பிள்ளைகளுக்கென ஒதுக்கிய பங்கைத் தந்தை உயிலால் பறிக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் பாதி, இருவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, மூவரோ அதற்கு மேலோ என்றால் கால் பங்கு. விருப்பப்படி கொடுக்கக் கூடியது அவ்வளவே. உயிலை நம்பி ஒருவரிடம் மட்டும் வீடு வாங்கினால், ஒதுக்குப் பங்கைக் கேட்டு இன்னொரு பிள்ளை பாரிசிலிருந்து வரலாம்.

பிரான்சில் குடியேறிய வாரிசுகள் பவர் பத்திரம் அனுப்பி விற்பது காரைக்காலில் அன்றாட நிகழ்ச்சி. அந்தப் பவருக்கு இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதும் தெரிய வேண்டும். பேனல் ஒப்பீனியன் பெரும்பாலும் பேசாத வரி விஷயம் ஒன்றும் இதில் உண்டு. விற்பவர் உள்நாட்டில் குடியிருப்பவரானால் 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கிரயத்தில் 1 சதவீதம் வரிப் பிடித்தம். வெளிநாட்டில் குடியிருப்பவரானால் இந்த வரம்பு கிடையாது. விகிதமும் மிக அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை கேட்பது வாங்கியவரை.

அளவிலும் கவனம் வேண்டும். பழைய பத்திரம் குழியிலும் மாவிலும் பேசும், பட்டா ஹெக்டேர், ஆர், சென்டியாரில் பேசும். டெல்டாவில் குழி என்பது 144 சதுர அடி. புதுச்சேரிப் பக்கம் 576. வெளியூர் வக்கீல் தன் ஊர்க் குழியை எடுத்துக்கொண்டால் கணக்கு நான்கு மடங்கு பிசகும். கதாஸ்தர் எனப்படும் பழைய நில அளவை எண்ணும் மறு நில அளவை எண்ணும் ஒரே மனையைக் குறிக்கின்றனவா என்று நில அளவைத் துறை வரைபடத்தோடு ஒத்துப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

நம்பிக்கை: ஒப்பீனியன் தவறாகிப் போனால் வக்கீல் ஈடு கட்டுவார்

கருத்துரை பிழையாகிவிட்டது என்பதற்காக மட்டும் வக்கீல் மீது குற்ற வழக்கு நிற்காது. சதியில் அவருக்குப் பங்கு இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று நாராயண ராவ் என்ற பேனல் வக்கீலின் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஜாக்கிரதைக்காக இழப்பீடு கேட்கும் வழி வங்கிக்கு உண்டு. வாங்குபவருக்கு அந்த வக்கீலோடு ஒப்பந்தமே இல்லாததால், அவர் வழக்கு தொடுத்தால் முதல் படியிலேயே தடுமாற வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: கடன் தீர்ந்ததும் எல்லாம் தானாகச் சரியாகும்

மூலப் பத்திரங்களை முழுத் தொகையும் செலுத்திய 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதி இது. எந்தெந்த மூலங்கள் வங்கியிடம் போயின என்பதற்குச் சான்று, ஒப்படைத்த அன்று தயாராகும் பட்டியல். அதன் நகலில் வங்கிக் கிளையின் முத்திரை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். அடமானத்துக்கான பத்திர ஒப்படைப்பு பதிவு செய்யப்பட்டிருந்தால், அதை ரத்து செய்யும் ரசீதையும் காரைக்கால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அதுவரை தீர்ந்துபோன கடனும் வில்லங்கச் சான்றிதழில் உயிரோடு நிற்கும்.