க்ஷவரக் கருவிகளும் தொற்று நோய்களும்

பளபளக்கும் கத்தியே சுத்தமான கத்தியென்று ஜனங்கள் பெரும்பாலும் எண்ணுகின்றனர். நோய்க் கிருமிகளோ கண்ணுக்குப் புலப்படுவனவல்ல. முகக்ஷவரத்தின்போது கத்தியானது மயிரோடு தோலின் மேற்புறத்தையும் சிறிது சீவிவிடுகின்றது. அங்ஙனம் உண்டாகும் நுண்ணிய காயங்களே கிருமிகள் உட்புகும் வாயில்களாகும்.

கால்நடைகளை மாய்க்கும் அடைப்பான் நோயைக் குடியானவர் அறிவர். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில், சரிவரச் சுத்தி செய்யப்படாத குதிரை மயிரைக் கொண்டு செய்த க்ஷவரப் பிரஷ்களின் மூலம் அந்நோய் போர்வீரர் சிலரைப் பற்றியது. அவருள் மாண்டோரும் உளர்.

இக்காலத்தில் பெரிதும் அஞ்சத்தக்கது ஹெபடைடிஸ் பி என்னும் காமாலை நோயாகும். அது இரத்தத்தின் வழியே பரவி, பல ஆண்டுகள் மறைந்திருந்து, ஈரலைக் கெடுக்கவல்லது. உலர்ந்த இரத்தக் கறையிலும் அதன் கிருமி 7 நாட்களேனும் அழியாதிருக்கும். கத்தியை வெறுந்தண்ணீரில் நனைத்துத் துடைப்பதனால் அது ஒழியாது. சீப்பு, முடிவெட்டும் மெஷின் முதலியவற்றாற் படர்தாமரையும் பரவுகின்றது.

படிகாரம் இரத்தத்தை நிறுத்தும். ஆயினும் ஒரே கட்டியைப் பலர் முகத்திலும் தேய்ப்பின் ஒருவர் இரத்தம் மற்றொருவர் காயத்திற் படும். ஆதலின் படிகாரத்தைத் தூளாக்கி வைத்து, ஈரப் பஞ்சிற் சிறிது தூவித் தடவி, அப்பஞ்சை எறிந்துவிடுதல் வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்:

1. ஆளுக்கொரு புதிய பிளேடு வேண்டும். ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து இருவருக்குப் பயன்படுத்தலாம். பழையவற்றை மூடியுள்ள தகர டப்பாவில் இடுக.

2. கத்தரிக்கோலையும் சீப்பையும் முதலிற் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுக. மயிரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருப்பின் மருந்து கிருமியைச் சென்றடையாது.

3. பின்னர்க் கத்தரிக்கோலைக் கொதிநீரில் 20 நிமிஷம் வைக்க. பிளாஸ்டிக் சீப்பை, 5 சதவீதப் பிளீச்சிங் திரவம் ஒரு பங்கும் தண்ணீர் 9 பங்கும் கலந்த நீரில் 10 நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுக.

4. மெஷினின் பற்களை மயிர் நீக்கி, 70 சதவீத ஸ்பிரிட்டால் ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைக்க.

5. ஆளுக்கொரு வெளுத்த துண்டு வேண்டும்.

இக்குறைகளைத் தொழிலாளியின் குற்றமாகக் கருதுதல் தகாது. பலர் இரத்தமும் அவர் விரல்களிற் படுவதால், முதலில் ஆபத்துக்குள்ளாகிறவர் அவரே. 1982 முதல் வழங்கப்பட்டுவரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அவர் போட்டுக்கொள்வது நலம். சங்க அங்கத்தினர்கள் பிளேடுகளை மொத்தமாக வாங்கி அடக்கவிலைக்கு அவருக்குக் கொடுப்பின், செலவும் குறையும். கிராமத்தின் க்ஷேமமும் பெருகும்.