நீட்டினாலும் குலையாத வளைவு

ஆட்டோகேட் மென்பொருளில் வரைபடம் தயாரிக்கும் இளைஞர்கள், கதவு, மேஜை, அலமாரி முதலிய நேர்கோட்டு உருவங்களை டைனமிக் பிளாக்குகளாக அமைத்துக்கொள்வதில் சீக்கிரமே கைதேர்ந்துவிடுகிறார்கள் என்றாலும், வில்போல் வளைந்த ஓர் உருவத்தையும் அவ்வாறே நீட்டவும் சுருக்கவும் இயலும்படி செய்யவேண்டிய சந்தர்ப்பம் வந்தவுடன், அதுவரை கைகொடுத்த யுக்திகள் பலிக்காமல் போவதைக் கண்டு திகைத்து, அளவுக்கு ஒரு பிளாக் என்று பத்துப் பன்னிரண்டு செய்து அடுக்கி வைத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அத்தனையும் அநாவசியம், ஒன்றே போதும். நேர்கோட்டுக்கு நீளம் ஒன்றே பிரதான லட்சணமாக இருக்க, வில்லுக்கோ நாண், உயரம், ஆரம், மையம் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து நிற்பதால், இவற்றுள் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ளாமல் வளைவைப் பிடித்து இழுக்கத் தொடங்குவதுதான் சங்கடம் அனைத்துக்கும் காரணம்.

உதாரணமாக, ஜன்னலுக்கு மேலே செங்கல்லால் கட்டப்படும் ஆர்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது அரைவட்டமன்று, பெரிய வட்டம் ஒன்றின் சிறு துண்டு. இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரமாகிய ஸ்பான் 1200 மில்லிமீட்டர்; முனைகளை இணைக்கும் நாணிலிருந்து வளைவின் உச்சி வரையுள்ள ரைஸ் 150 மில்லிமீட்டர்; ஆர்ச்சின் கனம் ஒரு செங்கல் நீளம், அதாவது 230 மில்லிமீட்டர். ஸ்பானின் வர்க்கத்தை ரைஸின் எட்டு மடங்கால் வகுத்து, வந்த ஈவுடன் ரைஸில் பாதியைக் கூட்டினால் வில்லின் ஆரம் கிடைக்கும் என்பது பழைய சூத்திரம். நம் உதாரணத்தில் 1200 உடன் 75 சேர்ந்து, உள்வில்லின் ஆரம் 1275 ஆகிறது. கனத்தையும் சேர்த்தால் வெளிவில்லின் ஆரம் 1505. இந்த எண்களைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பிளாக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பரீட்சிக்கும்போது இவையே சாட்சி. கயிறும் ஆணியும் கொண்டு வளைவை இழுக்கும் மேஸ்திரிக்கும் இதே கணக்குத்தான் தேவைப்படுகிறது. நாணுக்கு 1125 மில்லிமீட்டர் கீழே ஆணி அடித்தால் அவருடைய வேலை நடக்கும்.

முதலில், செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்கைச் செருகிய பின்னர் அகலத்தை மட்டும் அதிகரிக்க விரும்பி எக்ஸ் ஸ்கேலை மாற்றினால், வட்டத்தின் துண்டு நீள்வட்டத்தின் துண்டாக உருமாறிவிடும். அதற்கு ஒரே ஆரம் என்பது இல்லாமற்போவதால், அப்படி வரைந்த வளைவைக் கட்டடத்தில் கயிறு பிடித்து இழுக்க முடியாது. எல்லாத் திசைகளிலும் சமமாகப் பெரிதாக்கினால் வட்டம் வட்டமாகவே இருக்கும் என்பது உண்மையே. ஆனால் கனமும் கூடவே வளர்ந்து, 230 மில்லிமீட்டர் செங்கல் 345 மில்லிமீட்டர் ஆகிவிடுமே!

இரண்டாவது வழி, 2006ஆம் ஆண்டுப் பதிப்பில் டைனமிக் பிளாக்குகள் அறிமுகமான காலத்திலிருந்தே பழக்கத்தில் உள்ளது. பிளாக் எடிட்டரைத் திறந்து, ஸ்பானுக்கு ஒரு லீனியர் பாராமீட்டரை வைத்து, அதன் வலது முனையுடன் ஸ்ட்ரெட்ச் ஆக்‌ஷனை இணைத்து, வளைவின் வலது முனை உள்ளே அகப்படும்படி சட்டம் ஒன்றை வரைந்து, நீளவேண்டிய உருவங்களைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. வில்லை ஸ்ட்ரெட்ச் செய்யும்போது ஆட்டோகேட் ஒரு நியமத்தைப் பின்பற்றுகிறது: நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குள்ள உயரத்தை மாற்றாமல், மையத்தையும் கோணங்களையும் மட்டும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. ஆகையால், ஒற்றை வில் மட்டும் போதும், ரைஸ் மாறவேண்டியதில்லை என்பவர்களுக்கு இம்முறை பரம சௌகரியமானது. அவர்கள் மேற்கொண்டு சிரமப்பட வேண்டியதில்லை.

ஆனால் நம்முடைய ஆர்ச்சில் வில்கள் இரண்டு. ஸ்பானை 1200 இலிருந்து 1800 ஆக இழுக்கும்போது, உள்வில் தன்னுடைய உயரத்தையும் வெளிவில் தன்னுடைய உயரத்தையும் தனித்தனியே காப்பாற்றிக்கொள்வதால், உள்வில்லின் ஆரம் 2775 ஆகிறது. அதனோடு 230 சேர்த்து 3005 ஆக வேண்டிய வெளிவில்லோ சுமார் 2959 இல் நின்றுவிடுகிறது. உச்சியில் அளந்தால் கனம் 230 சரியாகவே இருக்கும் என்பதால் பிழை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. எனினும் இரண்டு மையங்களும் 46 மில்லிமீட்டர் விலகிப்போய், முனைகளில் மையத்தை நோக்கிச் சாயவேண்டிய கோடுகள் வேறெங்கோ நோக்கிக்கொண்டிருக்கும். பார்வைக்குச் சரியாகத் தோன்றும் பிழையைவிட அப்பட்டமாகக் கோணலாக இருக்கும் பிழையே மேல் என்பது என் அபிப்பிராயம்.

எனவே மூன்றாவது வழியாகிய கன்ஸ்ட்ரெயின்ட் முறையையே கைக்கொள்ள வேண்டும். 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த இந்த வசதியின் தத்துவம், உருவத்தை இழுப்பதை விட்டு, உருவத்தின் உறுப்புகளுக்குள் இருக்கவேண்டிய சம்பந்தங்களை ஸ்திரப்படுத்துவதாகும்.

பிஎடிட் கட்டளையைக் கொடுத்து, புதிய பிளாக்குக்குப் பெயரிட்டு, எடிட்டருக்குள் செல்லுங்கள். அங்கே ஆயத்தொலைவுகளின் தொடக்கப் புள்ளியே பிளாக்கைச் செருகும் புள்ளியாகக் கொள்ளப்படும் என்பதால், ஆர்ச்சின் இடது முனையை 0,0 இல் வைப்பது பிற்பாடு பல தொல்லைகளைத் தவிர்க்கும். அங்கிருந்து 1200,0 வரை நாணாக ஒரு கோடு வரைந்து, பிறகு 0,0, 600,150, 1200,0 என்ற மூன்று புள்ளிகள் வழியே வில்லை வரைந்து, அதை 230 அளவுக்கு வெளிப்புறமாக ஆஃப்செட் செய்து, இரு பக்கமும் உள்வில்லின் முனையையும் வெளிவில்லின் முனையையும் சிறு கோடுகளால் இணைத்துவிடுங்கள். நாண் நமக்கு ஆதாரமே தவிர, வரைபடத்தில் தெரியவேண்டிய கோடு அன்று. பிகன்ஸ்ட்ரக்‌ஷன் கட்டளையால் அதைத் துணைக்கோடாக மாற்றிவிட்டால், எடிட்டருக்குள் மட்டும் தென்படும், வெளியே மறைந்துவிடும்.

இனி சம்பந்தங்கள். முதலில் வடிவம் பற்றிய கன்ஸ்ட்ரெயின்ட்களை முழுவதும் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே அளவுகளுக்கு வரவேண்டும் என்ற கிரமத்தை மீறாதீர்கள். நாணின் இரு முனைகளையும் உள்வில்லின் இரு முனைகளோடு கோயின்சிடென்ட் கொண்டு பொருத்தி, நாணுக்கு ஹாரிசான்டல் கொடுத்து, இடது முனையை ஃபிக்ஸ் கொண்டு அசையாமல் நிறுத்துங்கள். சிறு கோடுகளின் முனைகளையும் அவை தொடும் வில்முனைகளோடு அவ்வாறே பொருத்தி, இரண்டு வில்களுக்கும் கான்சென்ட்ரிக் கொடுத்தால், இனி என்ன நேர்ந்தாலும் மையம் ஒன்றே. கடைசியாக ஒரு நுட்பம் பாக்கி: அந்தச் சிறு கோடுகள் எப்போதும் மையத்தை நோக்க வேண்டும். கோயின்சிடென்ட் ஒரு புள்ளியை ஒரு கோட்டின்மீது மட்டுமன்றி, அக்கோட்டின் நீட்சியின்மீதும் நிறுத்த வல்லது. ஆகவே ஆப்ஜெக்ட் என்ற உபகட்டளையைத் தேர்ந்து, சிறு கோட்டையும் வில்லின் மையத்தையும் சுட்டினால், மையம் அக்கோட்டின் நீட்சியிலேயே என்றென்றும் நிற்கும். இதை இரு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை மறந்தவர்கள், ஆர்ச்சின் ஒரு தோள் மட்டும் சரிவதைக் கண்டு காரணம் தெரியாமல் விழிக்கிறார்கள்.

ஆட்டோகன்ஸ்ட்ரெயின் என்ற ஒரே கட்டளையில் இவையெல்லாம் தாமாகவே வந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். பல வரும், எல்லாம் வராது; வேண்டாதவையும் கூட வரும். எதை எதனோடு பிணைத்தோம் என்பது நமக்கே தெரியாத பிளாக்கைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்று செய்வது சுலபம்.

இந்த இடத்தில் சற்று நின்று கணக்குப் பார்ப்பது பிரயோஜனமுள்ள காரியம். இத்தனை கட்டுகளுக்குப் பிறகு நம் உருவத்துக்கு எஞ்சியிருக்கும் சுதந்திரங்கள் மூன்றே: ஸ்பான், ரைஸ், கனம். ஆகவே கொடுக்கவேண்டிய அளவுகளும் மூன்றே. நான்காவதாக ஆரத்துக்கும் ஓர் அளவு கொடுக்க முயன்றால், ஏற்கெனவே நிர்ணயமான ஒன்றை மீண்டும் நிர்ணயிக்க முடியாது என்று மென்பொருள் ஆட்சேபிக்கும்.

அளவுகளைப் பிசிபாராமீட்டர் கட்டளை வழியாகவே கொடுங்கள். சாதாரண டைமென்ஷனல் கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்தால் உருவம் கட்டுப்படுமே ஒழிய, செருகிய பிளாக்கின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் அந்த அளவு தென்படாது. தவறிக் கொடுத்துவிட்டால் அதே கட்டளையில் உள்ள கன்வெர்ட் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். நாணின் இரு முனைகளுக்கிடையே ஹாரிசான்டல் பாராமீட்டர் வைத்து ஸ்பான் என்று பெயரிடுங்கள். இடது முனையிலிருந்து உள்வில்லின் நடுப்புள்ளிக்கு வெர்டிகல் பாராமீட்டர் வைத்து ரைஸ் என்று பெயரிடுங்கள். வில்லின்மேல் சுட்டியைக் கொண்டுசெல்லும்போது தோன்றும் சிறு சிவப்புக் குறி, முனையைக் காட்டாமல் நடுவைக் காட்டுகிறதா என்று கவனித்துச் சொடுக்க வேண்டும். இடப்பக்கச் சிறு கோட்டுக்கு அலைன்ட் பாராமீட்டர் வைத்துக் கனம் என்று பெயரிட்டுவிட்டால் மூன்றும் பூர்த்தியாகின்றன.

அகலம் மாறினாலும் தோற்றம் மாறாதிருக்க விரும்புவோர், பாராமீட்டர்ஸ் மேனேஜரில் ரைஸுக்கு எண்ணுக்குப் பதிலாக ஸ்பான்/8 என்ற கோவையை எழுதலாம்; அப்போது ஆரம் எப்போதும் ஸ்பானின் பதினாறில் பதினேழு பங்காக அமையும். புதிய கட்டடங்களுக்கு இதுவே அழகு. பழைய கட்டடங்களை அளந்து வரைபவர்களோ ரைஸைச் சுதந்திரமாக விட்டுவிடுவதே உத்தமம். ஏனெனில் அங்கே ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு விதம். ஆனால் அவ்விதம் விடும்போது, பிராப்பர்ட்டீஸில் ரைஸின் வேல்யூ செட்டில் கீழெல்லையும் மேலெல்லையும் குறிக்கத் தவறக்கூடாது. ரைஸ் பூஜ்யமானால் வில் நேர்கோடாகி ஆரம் என்பதே அர்த்தமற்றதாகிவிடும். ஸ்பானில் பாதியைத் தாண்டினால் அரைவட்டத்தையும் மிஞ்சி வளைவு பானை வயிறுபோல் உப்பும்.

பிடெஸ்ட்பிளாக் கட்டளை தனிச் சாளரம் ஒன்றில் பிளாக்கைச் சோதிக்க இடந்தருகிறது. மேற்படி கோவையைக் கொடுத்தவர்கள் அங்கே ஸ்பானை 1600 ஆக்கி, வில்களுக்கு ரேடியஸ் டைமென்ஷன் வைத்துப் பார்த்தால், உள்வில் 1700 என்றும் வெளிவில் 1930 என்றும் காட்ட வேண்டும். வேறு எண் வந்தால் பெரும்பாலும் கான்சென்ட்ரிக்கோ ஃபிக்ஸோ விடுபட்டிருக்கும். எடிட்டரில் கன்ஸ்ட்ரெயின்ட் ஸ்டேட்டஸை இயக்கினால், முழுதும் கட்டுண்ட கோடுகளையும் அரைகுறையாகக் கட்டுண்டவற்றையும் நிறபேதத்தால் பிரித்துக் காட்டிவிடும்.

பரீட்சை தேறிய பிறகு, அலுவலகத்தில் வழங்கும் அளவுகளைப் பிடேபிள் கட்டளையால் அட்டவணையாக்கலாம்: ஸ்பான் 900, 1200, 1500 ஆகியவற்றுக்குக் கனம் 230, 1800க்கு ஒன்றரைச் செங்கல்லாகிய 345. அட்டவணையிலுள்ள வரிசை ஒன்றோடு பொருந்தியே ஆகவேண்டும் என்ற பெட்டியில் குறியிட்டுவிட்டால், யாரும் கைபோன போக்கில் 1237 என்று இழுத்துவிட முடியாது.

இதே முறையை மூன்று மையங்கள் உடைய தட்டை வளைவுகளுக்கும் விரிக்கலாம். வில்கள் சந்திக்கும் இடங்களில் டேன்ஜென்ட் சேர்த்துக்கொள்வது ஒன்றுதான் விசேஷம். ஸ்ப்ளைன் கொண்டு வரைந்த வளைவுகளுக்கு மட்டும் இது பயன்படாது. கன்ஸ்ட்ரெயின்ட்கள் பற்றிக்கொள்ள அதில் இரு முனைகளைத் தவிர வேறு புள்ளி இல்லாததால், அத்தகைய வளைவை முதலில் வில்களாகப் பிரித்து வரைந்துகொள்வதே வழி.

செருகிய பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்தால் சம்பந்தங்கள் யாவும் அழிந்து வெறும் கோடுகளே மிஞ்சும். மேலும், அளவு மாற்றப்பட்ட ஒவ்வொரு டைனமிக் பிளாக்குக்கும் மென்பொருள் உள்ளுக்குள் நட்சத்திரக் குறியுடன் யு என்று தொடங்கும் அநாமதேயப் பெயர் ஒன்றைச் சூட்டிவிடுவதால், பழைய லிஸ்ப் நிரல்கள் பெயரைக் கொண்டு எண்ணும்போது கணக்குத் தவறக்கூடும். ஜன்னல் பட்டியல் தயாரிப்பவர்கள் டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷனைப் பயன்படுத்தி, ஸ்பானையும் கனத்தையும் பத்திகளாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.